இருபத்தேழாவது கோட்டின் மலைகள்

அலுவலகத்தில் அவருக்கு வைத்த பெயர் காலாட்டி. பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்றும் இருந்தது. சம்பளச் சீட்டைத் தவிர வேறெங்கும் அதற்கு வேலை இருந்ததில்லை. மனிதர் உட்கார்ந்தால் போதும், வலது முழங்கால் ஆடத் தொடங்கிவிடும். பள்ளிக்கூடத்தில் அவரோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்களின் கையெழுத்தெல்லாம் கோணலாகிப் போனதென்று கூடப் படித்தவர்கள் இன்றும் குறை சொல்வார்கள். அம்மா சொல்லிப் பார்த்தாள், வாத்தியார் அடித்துப் பார்த்தார். கால் யார் பேச்சையும் கேட்கவில்லை.

கல்யாணமே அந்தக் காலால்தான் நடந்தது. பல்வலி என்று ஒரு கிளினிக்குக்குப் போயிருந்தார். காத்திருக்கும் அறையில் நாற்காலிகளை எல்லாம் ஒரே இரும்புச் சட்டத்தில் வரிசையாகக் கோத்திருந்தார்கள். இவர் கால் ஆட, வரிசையே ஆடியது. கன்னத்தைப் பிடித்துக்கொண்டிருந்த நான்கு பேர் இவரை முறைத்தார்கள். டோக்கன் கொடுக்கும் பெண் மேஜையை விட்டு எழுந்து வந்தாள். "சார், பல்லுதானே வலிக்குது? கால் என்ன பண்ணுச்சு?" என்று கேட்டாள். அடுத்த மாதத்தில் வலிக்காத பல்லுக்கும் இரண்டு தடவை போய் டோக்கன் வாங்கினார். அதற்கடுத்த வருடம் அவளே வீட்டுக்கு வந்துவிட்டாள். பிள்ளை இல்லை, இருவர்தான் குடும்பம்.

அப்படிப்பட்ட மனிதருக்கு வாய்த்த வேலை என்ன தெரியுமா? அசையாமல் உட்கார்ந்திருப்பது.

பூமி எல்லா இடத்திலும் ஒரே அளவாக இழுப்பதில்லை. அடியில் கனமான பாறை இருந்தால் ஒரு மயிரிழை கூடுதலாக இழுக்கும். பள்ளமும் பனியுமாக இருந்தால் ஒரு மயிரிழை குறைவாக. அந்த மயிரிழையை அளந்து வரைபடமாக்குவதுதான் அவருடைய அலுவலகத்தின் வேலை. செயற்கைக்கோள் மேலிருந்தே அளந்துவிடாதா என்றால், அளக்கத்தான் செய்கிறது. ஆனால் துருவத்துக்கு நேர் மேலே போகாமல் கொஞ்சம் விலகியே சுற்றுகிறது. அதனால் உலக வரைபடத்தின் உச்சியிலும் அடியிலும் ஆளுக்கொரு வட்ட ஓட்டை. அந்த ஓட்டையை அடைக்கச் சின்ன விமானத்தில் ஏறி, பனிக்கு மேலே பத்து பத்து கிலோமீட்டர் தள்ளி, நோட்டில் கோடு போடுவதுபோல் நேர்கோடு நேர்கோடாகப் பறக்க வேண்டும்.

விமானத்துக்குள் ஈர்ப்புமானி என்று ஒரு பெட்டி இருக்கும். சின்ன பிரிட்ஜ் அளவு. உள்ளே ஒரு சுருள்வில்லில் ஒரு எடை தொங்குகிறது, அவ்வளவுதான். விமானம் குலுங்குவதைத் தனியாக அளந்து கணக்கில் கழித்துவிடுவார்கள். ஆனால் விமானம் மெல்ல, சோம்பலாக ஏறி இறங்கினால் கணக்கு ஏமாந்துபோகும். அது விமானம் செய்த சேட்டையா, பூமி இழுத்த இழுப்பா என்று அதற்குப் பிரிக்கத் தெரியாது. அந்தச் சின்ன விமானத்திலோ, ஒரு ஆள் எழுந்து வால்பக்கம் நடந்தாலே மூக்கு தூக்கிக்கொள்ளும். ஆகவே கோட்டின் மேல் பறக்கும்போது யாரும் இருக்கையை விட்டு எழக் கூடாது; எழுந்தவர் மறுபடி விமானம் ஏறக் கூடாது. இதைத் தாளில் எழுதிக் கதவில் ஒட்டியவரே காலாட்டிதான். முன்பு பிளாஸ்கை எடுக்க எழுந்த ஒருவரைப் புகார் செய்து ஸ்டோருக்கு அனுப்பியவரும் இவரேதான். பிளாஸ்க்காரர் பாவம், இன்றைக்கும் அங்கே ஆணி எண்ணிக்கொண்டிருக்கிறார்.

அதிசயம் என்னவென்றால், விமானத்தில் ஏறி அந்தப் பெட்டிக்கு முன்னால் பெல்ட்டை மாட்டிய நொடியில் கால் நின்றுவிடும். ஏன் என்று அவருக்கே தெரியாது. ஏழு மணி நேரம் இமைக்கிற கண்ணைத் தவிர எதுவும் அசையாது. அவர் பறந்த கோடுகள் மாதிரிச் சுத்தமான கோடுகள் வேறு யாருக்கும் வந்ததில்லை. வீட்டில் இருந்தால் பனி நினைப்பு, பனியில் இருந்தால் வீட்டு நினைப்பு என்று இரண்டு இடத்திலும் இருப்புக் கொள்ளாத அந்த ஜீவனுக்கு உலகத்தில் நிம்மதி என்று இருந்தது அந்த ஒரு சீட்டுதான். அதைப் பற்றி மனைவியிடம் அளக்காத நாள் கிடையாது. அங்கே நான் கல் மாதிரி உட்கார்ந்திருப்பேன் என்பார், முழங்கால் சாப்பாட்டு மேஜையைக் குலுக்கிக்கொண்டிருக்கும். அவள் கையை நீட்டி முழங்காலை அமுக்கிக்கொண்டே, அந்தக் கல்லை ஒரு நாளைக்கு வீட்டுக்கும் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்பாள். இருபத்திரண்டு வருடம் இப்படியே ஓடியது.

போன பருவத்தில் பனி முகாமுக்குக் கிளம்பும்போதே அவளுக்கு வயிற்றில் ஒரு கட்டி இருந்தது. அவசரமில்லை, உங்கள் வீட்டுக்காரர் திரும்பி வந்த பிறகு எடுத்துக்கொள்ளலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆனால் ஐந்தாவது வாரத்தில் வலி தாங்காமல் அவளுடைய அக்கா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு ஓடினாள். வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு ஆபரேஷன் என்றார்கள். முகாமிலிருந்து ஊருக்குப் போகும் விமானம் இருபதாம் தேதிதான் வரும்; அதற்கு இன்னும் பதினோரு நாள். இவர் நினைத்தாலும் வர முடியாது. செயற்கைக்கோள் போனில் அவள் பேசினாள்.

"நீங்க வந்து என்ன பண்ணப் போறீங்க, கத்தியா பிடிக்கப் போறீங்க? போய் உங்க வேலையைப் பாருங்க."

கல்யாணமான யாருக்கும் இந்தப் பேச்சுக்கு அர்த்தம் தெரியும். இந்த மனிதருக்குத் தெரியவில்லை என்று சொல்ல மாட்டேன். தெரிந்துகொள்ளாமல் இருப்பது சௌகரியமாக இருந்தது. ஒன்பது நாளாகப் பனிப்புயல் அடித்து, சரியாக அந்த வியாழக்கிழமைதான் வானம் வெளுத்தது. முகாமின் தலைவர், வீட்டுக்குள்ளும் கம்பளித் தொப்பியைக் கழற்றாத மனிதர், தொப்பிக்காரர் என்றே அவருக்குப் பெயர், நல்லவிதமாகவே சொன்னார்: மனசு சரியில்லையென்றால் இன்று பறக்க வேண்டாம், போன் பக்கத்திலேயே இருங்கள் என்று. காலாட்டி யோசித்தார். போன் இருந்த கூடாரத்தில் உட்கார்ந்தால் அன்றைக்குக் கால் அந்தக் கூடாரத்தையே பிடுங்கி எறிந்துவிடும். சீட்டில் உட்கார்ந்தால் நின்றுவிடும். பறக்கிறேன் என்றார். ஓடி ஒளியத்தான் போனார், வேறென்ன.

கைக்கடிகாரத்தில் வீட்டு நேரம். இருபத்தேழாவது கோட்டின் தலையில் விமானம் திரும்பி நேரானபோது மணி பத்து. மயக்க மருந்து கொடுத்திருப்பார்கள் என்று நினைத்தார். கால் ஆடத் தொடங்கியது. அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. இருபத்திரண்டு வருடத்தில் அந்தச் சீட்டில் அது ஆடியதே இல்லை. கையால் அமுக்கினார், மற்றக் காலால் மிதித்தார், பெல்ட்டை இறுக்கினார். பத்து பத்துக்குப் பெல்ட்டைக் கழற்றி எழுந்துவிட்டார்.

பெட்டியிலிருந்து வால்பக்கச் சன்னல்வரை ஆறு எட்டு நடை. அங்கே போய் நின்றார். வெளியே வெள்ளையைத் தவிர ஒன்றுமில்லை. திரும்பி வந்து உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் மறுபடி எழுந்தார். குட்டி போட்ட பூனை மாதிரி அந்த ஆறு எட்டுக்குள் போவதும் வருவதுமாக இருந்தார். முன்னால் பைலட் காதில் ஹெட்போனோடு ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. ஆட்டோபைலட்டில் விமானம் தன்னைத்தானே ஓட்டிக்கொண்டது. மூக்கு தூக்கும், மெல்லச் சரிசெய்துகொள்ளும், இவர் திரும்பி வந்ததும் மூக்கு தாழும், மறுபடி சரிசெய்துகொள்ளும். தான் என்ன செய்கிறோம் என்று அவருக்குத் தெரியும். கதவில் அவர் கையெழுத்திலேயே ஒட்டியிருந்த தாளைப் பார்த்துக்கொண்டேதான் நடந்தார்.

பெரும்பாலும் இரண்டரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். பன்னிரண்டே முக்காலுக்கு இருபத்தேழு முடிந்து, விமானம் இருபத்தெட்டாவது கோட்டுக்குத் திரும்பியது. இந்நேரம் தையல் போட்டிருப்பார்கள் என்று நினைத்தார். உட்கார்ந்தார், பெல்ட்டை மாட்டினார், கால் நின்றுவிட்டது. இரண்டு பிஸ்கட்கூடச் சாப்பிட்டார். குறிப்பேட்டில், இயக்குபவர் அசைவு எதுவும் இல்லை என்று எல்லா நாளும் எழுதுவதை எழுதினார்.

நான்கு மணிக்கு இறங்கிப் போனைப் பிடித்தபோது அவளுடைய அக்கா பேசினாள். மூன்று மணிவரைக்கும் இழுத்துவிட்டது, ரத்தம் ஏற்ற வேண்டியிருந்தது, இப்போது பரவாயில்லை என்றாள். கணவர் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் நான்தான் போட்டேன் என்று கடைசியாக ஒரு வார்த்தை சேர்த்தாள்.

அவர் ஊர் வந்து சேர்ந்தபோது அவள் எழுந்து நடமாடத் தொடங்கியிருந்தாள். கட்டி கெட்ட கட்டி இல்லை என்று முடிவும் வந்திருந்தது. எல்லாம் நல்லபடியாகத்தான் இருந்தது, அவள் பேசுவதைத் தவிர. தண்ணீர் வரவில்லை, பல்பு போய்விட்டது, மாத்திரை தீர்ந்துவிட்டது என்பதெல்லாம் பேசுவாள். ஆபரேஷனைப் பற்றி மட்டும் பேச மாட்டாள். ஒரே ஒரு நாள், துணி மடித்துக்கொண்டே, அந்த நேரத்தில் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று கேட்டாள். உன்னைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன் என்றார்.

"கல்லு மாதிரி உட்கார்ந்துகிட்டா?" என்றாள் அவள்.

நடந்தேன் என்று சொல்ல வாய்வரை வந்தது. சொன்னால் யார் நம்புவார்கள்? இருபத்திரண்டு வருடம் தான் அடித்த பெருமையே குறுக்கே வந்து நின்றது. அலுவலகத்தில் எழுதிக் கொடுத்ததோ வேறு மாதிரி. மென்று விழுங்கிவிட்டார். மேஜையடியில் கால் ஆடியது. அவள் கை அதை அமுக்க வரவில்லை. ஊருக்கு வந்ததிலிருந்தே வரவில்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

இதற்குள் அலுவலகத்தில் ஒரு திருவிழாவே நடந்துகொண்டிருந்தது. கணக்குப் போடும் பெண் ஒருத்தி அடித்தள அறையில், கம்ப்யூட்டர்களுக்காக வைத்த குளிரில், இரண்டு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வேலை செய்வாள். அவள் இருபத்தேழாவது கோட்டைத் திரையில் போட்டதும் மேடும் பள்ளமுமாகப் பதினான்கு மடிப்புகள் எழுந்து நின்றன. தொப்பிக்காரருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. பனிக்கு அடியில் யாரும் அறியாத ஒரு மலைத்தொடர். பக்கத்திலேயே இருபத்தெட்டாவது கோடு தட்டையாகக் கிடக்கிறதே என்றால், மலை அங்கே முடிகிறது என்றார். குறுக்கே பறந்த கோடுகள் ஒத்துப்போகவில்லையே என்றால், குறுக்குக் கோடுகளைத் தூக்கி எறி என்றார். பனியின் ஆழம் பார்க்கும் ராடார் அந்த வருடம் பழுதாகிக் கிடந்ததால் மறுத்துப் பேச வேறு சாட்சியும் இல்லை. ஆசைப்பட்டுவிட்ட மனிதரிடம் யார் என்ன பேச முடியும்? மலைத்தொடருக்குக் காலாட்டியின் நிஜப் பெயரையே வைக்கப் பரிந்துரைக்கிறேன் என்று வேறு முதுகில் தட்டினார். சம்பளச் சீட்டைத் தாண்டாத பெயர் உலக வரைபடத்தில் ஏறப்போகிறது. இவர் முகத்தில் ஈயாடவில்லை.

கணக்குப் பெண் மட்டும் மசியவில்லை. ஒரு நாள் அவரைக் கீழே கூப்பிட்டாள்.

"சார், மலை இவ்வளவு ஒழுங்காவா இருக்கும்? பத்து நிமிஷத்துக்கு ஒண்ணு, பதினோரு நிமிஷத்துக்கு ஒண்ணுன்னு வருது. அன்னைக்கு விமானத்துல ஏதாவது நடந்துச்சா?"

"ஒண்ணும் இல்லம்மா. எப்பவும் போலத்தான் உட்கார்ந்திருந்தேன்."

வேறு யார் சொல்லியிருந்தாலும் அவள் துருவியிருப்பாள். காலாட்டி சொன்னதால் நம்பினாள். நம்பிவிட்டு, குறை தன் கணக்கில்தான் இருக்க வேண்டுமென்று மூன்று வாரம் ராப்பகலாகத் தேடினாள். மதிய உணவு நேரத்தில் மேஜையிலேயே தலை வைத்துத் தூங்குவாள். அதைப் பார்த்துக்கொண்டு போவதற்கு அவருக்குக் கூசியது. வேறு மாடிப்படி வழியாகப் போகத் தொடங்கினார். சொன்னால் சீட்டு போய்விடும். அதில் சந்தேகமே இல்லை. சீட்டு போனால் வருடம் முழுவதும் இந்த ஆடுகிற காலோடு எங்கே போய் உட்காருவது? வீட்டிலா, பேசாத மனைவியின் எதிரிலா?

நான்காவது வாரம் அறிவிப்புப் பலகையில் ஒரு பட்டியல் ஒட்டினார்கள். வரும் பருவத்தில் பனி டிராக்டரில் ஆறு வாரம் பயணம் செய்து, அந்த மலைத்தொடரை நேரில் சரிபார்க்கப் போகும் குழு. பதினோரு பெயர். அதில் ஆறாவது, முகாமின் சமையல்காரர். இவருக்குச் சர்க்கரை இல்லாமல் தனியாகக் காபி போட்டுத் தருகிறவர். அந்தப் பக்கத்துப் பனியில் வெடிப்புகள் உண்டு, மேலே மெல்லிய பனி மூடியிருக்கும், கண்ணுக்குத் தெரியாது. நான்கு வருடத்துக்கு முன் ஒரு டிராக்டர் அப்படித்தான் உள்ளே போனது. ஓட்டியவரை மேலே எடுக்கவே முடியவில்லை. பதினோரு பேர், தன்னுடைய காலடியைத் தேடிக்கொண்டு அங்கே போகப்போகிறார்கள். பட்டியலை இரண்டாவது தடவை படிக்கவில்லை. நேராகத் தொப்பிக்காரர் அறைக்குப் போனார். கணக்குப் பெண்ணும் அங்கேதான் இருந்தாள்.

"அது மலை இல்ல சார். அது நான்."

தொப்பிக்காரருக்கு முதலில் புரியவில்லை. எல்லாவற்றையும் நின்றபடியே சொன்னார்: வியாழக்கிழமை, பத்து மணி, ஆறு எட்டு, வால்பக்கச் சன்னல், குறிப்பேட்டில் எழுதிய பொய். கேட்டுக்கொண்டிருந்தவர் தொப்பியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். அதற்கு அடியில் நல்ல அடர்த்தியாக முடி இருந்தது. வழுக்கை என்று அத்தனை வருடமாக எல்லோரும் நினைத்திருந்தார்கள். பிறகு, உங்கள் எடை என்ன என்று மட்டும் கேட்டார். எண்பத்திரண்டு என்றார் காலாட்டி.

கணக்குப் பெண் கீழே ஓடினாள். எண்பத்திரண்டு கிலோ, ஆறு எட்டு, அந்த விமானம், அந்த வேகம். சாயங்காலத்துக்குள் மலை அச்சு அசலாகத் திரையில் வந்துவிட்டது. அதைக் கோட்டிலிருந்து கழித்தாள். மிச்சம் தட்டைத் தரை. குறுக்குக் கோடுகள் எல்லாம் கச்சிதமாகப் பொருந்தின. அவள் இவரைத் திட்டியிருக்கலாம். மூன்று வாரத் தூக்கம் போனவள். திட்டவில்லை. கழித்தெடுத்த பகுதியை மட்டும், இருபத்தெட்டாவது கோட்டின் தொடக்கம்வரை, தனியாக ஒரு நீளத் தாளில் அச்சிட்டு நீட்டினாள்.

"இது உங்களுது சார். வரைபடத்துக்கு வேண்டாம்."

சீட்டு போயிற்று. தொப்பிக்காரர் கெட்டவர் இல்லை, வருத்தப்பட்டுத்தான் சொன்னார். ஆனால் கதவில் ஒட்டியிருக்கும் தாளில் இருப்பது உங்கள் கையெழுத்து, நான் என்ன செய்யட்டும் என்றார். மறுநாள் காலை ஸ்டோருக்குப் போனார். பிளாஸ்க்காரர் ஏற இறங்கப் பார்த்தார், கிடந்ததில் ஆடாத நாற்காலியாகப் பார்த்து இழுத்துப் போட்டார். பிறகு அதே பிளாஸ்கிலிருந்து ஒரு டம்ளர் டீ ஊற்றிக் கொடுத்தார். அதைக் குடிப்பதற்குள் காலாட்டிக்கு உயிர் போய் உயிர் வந்தது.

அன்று சாயங்காலம் வீட்டில், சாப்பாட்டு மேஜைமேல் அந்தத் தாளை விரித்தார். அச்சில் இருந்தது செயற்கைக்கோள் தரும் உலகப் பொது நேரம். அதற்குக் கீழே ஸ்டோரில் உட்கார்ந்து பென்சிலால் வீட்டு நேரத்தைக் குறித்து வைத்திருந்தார். அவள் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டாள். என்ன இது என்றாள். சொன்னார். பெல்ட்டைக் கழற்றியதைச் சொன்னார், புளுகியதைச் சொன்னார், சீட்டு போனதையும் சொன்னார்.

"இனிமே பனிக்கே போக மாட்டீங்களா?"

"மாட்டேன்."

"வருஷம் பூரா வீட்டுலயா?"

"ஆமா."

அவள் விரல் தாளின் இடது ஓரத்தில் பத்து மணியில் போய் நின்றது. அங்கிருந்து மெல்ல நகர்ந்து ஒவ்வொரு மேடாக ஏறி இறங்கியது. வாய்க்குள் எண்ணினாள். பதினான்கு முடிந்ததும் விரல் நின்றது. அதற்கு மேல் கோடு தட்டையாகப் போனது.

"இங்க ஏன் நேரா போகுது?"

பொய் சொல்ல வழி இருந்தது. அடுத்த கோட்டில் விதி கடுமை என்று ஏதாவது சொல்லியிருக்கலாம். அந்தத் தெம்பெல்லாம் தீர்ந்துபோயிருந்தது.

"ரெண்டரை மணி நேரம்னு சொன்னாங்களே. முடிஞ்சிருக்கும்னு நெனச்சேன். உட்கார்ந்துட்டேன்."

"பன்னெண்டே முக்காலுக்கா?"

"ம்."

"அப்பதான் ரத்தம் நிக்கலைன்னு அக்காகிட்ட வந்து சொன்னாங்களாம்."

எனக்குத் தெரியாதே என்றார், அது அவர் காதுக்கே கேட்கவில்லை. கால் ஆடத் தொடங்கியது. மேஜை ஆடியது, தண்ணீர் டம்ளர் ஓரத்துக்கு நகர்ந்தது, தாள் படபடத்தது. அவள் கண்ணாடியைக் கழற்றாமல் அந்தத் தட்டைக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு விரலை எடுத்து, மறுபடியும் பத்து மணியில் வைத்தாள்.

"இத்தனை தடவை நடந்ததுக்கு, நேரா வீட்டுக்கே நடந்து வந்திருக்கலாம்" என்றாள்.

சொல்லிவிட்டுச் சிரித்தாள். தையல் வலித்திருக்க வேண்டும், வயிற்றை ஒரு கையால் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரிப்பு பாதியில் அழுகையாகத் திரும்பியது, அதையும் முழுசாக அழுது முடித்தாள். அவளுடைய இன்னொரு கை மேஜைக்கு அடியில் வந்து அவர் முழங்கால்மேல் விழுந்தது. அமுக்கவில்லை, ஆடுகிற காலோடு சேர்ந்து கையும் ஆடியது.

அப்புறம் எழுந்து அலமாரியிலிருந்து ஆஸ்பத்திரி ஃபைலை எடுத்தாள். ஸ்கேன், ரத்தச் சோதனை எல்லாவற்றையும் தள்ளி, கணவர் என்று அச்சிட்ட இடத்துக்கு மேல் அக்கா கையெழுத்துப் போட்ட அந்தப் படிவம் வந்ததும் நிறுத்தினாள். நீளத் தாளை நான்காக மடித்து, அதற்குப் பின்னால் சொருகி, கயிற்றைக் கட்டினாள்.